0.87 கேட்டால் 0.93 வருகிறது: ஓப்பன் லூப்பில் டார்கெட் டேபிளைக் குறைத்தால் போதுமா?

கேள்வி

வணக்கம். 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின். போர்ட் இன்ஜெக்ஷன், மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் எடையை அளப்பது) கணக்கில் ஓடுகிறது. நிமிடத்துக்கு 270 சிசி இன்ஜெக்டர்களைக் கழற்றி 440 சிசி போட்டிருக்கிறேன் (3 பார் அழுத்தத்தில் சொன்ன அளவு). ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பதில் கூம்பு ஃபில்டர். மாஃப் உட்கார்ந்திருக்கும் குழாய் பழையதேதான், ஆனால் அதற்கு முன்னால் இப்போது ஒரு வளைவு வருகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோல்.

ஈசியூவில் (இன்ஜினை இயக்கும் கணினி) இன்ஜெக்டர் அளவை 440 ஆக்கினேன். டெட் டைம் (மின்சாரம் வந்த பிறகு இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம்) டேபிளைத் தொடவில்லை. லாக்கில் வருவது இது:

ஐடிலில் லாங் டெர்ம் ட்ரிம் (ஈசியூ கற்றுக்கொண்டு பெட்ரோலில் செய்யும் நிரந்தரத் திருத்தம்) +11%
2500 ஆர்பிஎம் சீரான ஓட்டத்தில் +5%
முழு ஆக்ஸிலரேட்டரில், அதாவது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து உடனுக்குடன் திருத்தாத ஓப்பன் லூப்பில், டார்கெட் லாம்ப்டா 0.87 (1.0 என்பது பெட்ரோலும் காற்றும் மீதமின்றி எரியும் விகிதம்; அதற்குக் கீழே ரிச், பெட்ரோல் அதிகம்; மேலே லீன்). வைட்பேண்ட் (புகையில் லாம்ப்டாவை அளக்கும் சென்சார்) காட்டுவது 3500ல் 0.94, 5000ல் 0.93, 6200க்கு மேல் 0.98. அங்கேயும் ட்ரிம் +5% அப்படியே நிற்கிறது.

டார்கெட் டேபிளில் 0.81 என்று எழுதினால் கணக்குப்படி 0.87க்கு வந்துவிடும். அப்படிச் செய்யலாமா?

பதில் 1

வேண்டாம். லாம்ப்டா எண் சரியாகிவிடும், இன்ஜின் சரியாகாது.

மாஃப் குறைவாகக் காட்டுகிறது என்றால் ஈசியூ கணக்கிடும் லோடும் (சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு) குறைவாகவே இருக்கும். இக்னிஷன் டேபிளை அது அந்த லோடை வைத்துத்தான் தேடுகிறது. உண்மையில் சிலிண்டருக்குள் 100 பங்கு காற்று போயிருக்க, 90 பங்குக்கு உரிய வரிசையிலிருந்து டைமிங்கை எடுக்கும். லோடு குறைந்த வரிசையில் அட்வான்ஸ் (தீப்பொறியை முன்கூட்டியே விடுவது) அதிகம். ஆக, மிக்சர் 0.87 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நாக் அடிக்கலாம் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது). டார்கெட் டேபிள் என்பது உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் இடம். காற்றை அளப்பதிலும் பெட்ரோலை அளப்பதிலும் உள்ள பிழையை அங்கே கொண்டுபோய் ஒளிக்கக் கூடாது.

இன்னொன்று, இது முக்கியம். முழு ஆக்ஸிலரேட்டரிலும் +5% ட்ரிம் நிற்கிறது என்றீர்களே, அப்படியானால் உங்கள் ஈசியூ க்ளோஸ்டு லூப்பில் (ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்தும் நிலை) கற்றதை ஓப்பன் லூப்பிலும் சேர்த்துக்கொள்கிறது. 5000ல் தெரியும் 0.93 அந்த 5% உதவியோடு வந்த எண். உதவி இல்லாவிட்டால் 0.98க்குப் பக்கத்தில் நிற்கும். பேட்டரியைக் கழற்றினாலோ ட்ரிம்மை அழித்தாலோ அடுத்த முழு ஓட்டமே ஆபத்து. ட்ரிம்மை அணைப்பதற்கு முன்னாலேயே மாஃப் டேபிளின் மேல்பகுதியை 15% ஏற்றி வைத்துவிடுங்கள். ரிச்சில் தொடங்கிக் கீழே இறங்கி வருவதுதான் பாதுகாப்பு.

பதில் 2

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் மாஃப்பில் கை வைக்கும் முன் இரண்டு வேலை இருக்கிறது.

முதலில் வைட்பேண்டையே சந்தேகப்படுங்கள். அனலாக் வயர் வழியாக லாக் செய்கிறீர்கள் என்றால், கன்ட்ரோலர் திரையில் தெரியும் எண்ணையும் லாக்கில் விழும் எண்ணையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுங்கள். 0–5 வோல்ட் என்பது 0.5–1.5 லாம்ப்டா என்று அமைத்திருந்தால், எர்த்தில் 0.1 வோல்ட் வித்தியாசம் வந்தாலே 0.02 லாம்ப்டா தப்பு. கன்ட்ரோலரின் சிக்னல் எர்த்தை ஈசியூவின் சென்சார் எர்த்தோடு சேர்த்தால் போய்விடும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுபட்டுக் குறைந்த லோடில் லீனாகக் காட்டும். மிஸ்ஃபயர் ஆனாலும் எரியாத ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்றே சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலை ஏற்றிக்கொண்டே போனால் மிஸ்ஃபயர் இன்னும் கூடும்.

இரண்டாவது டெட் டைம். உங்கள் ட்ரிம் எண்களே சாட்சி. இந்த அளவு இன்ஜினில் 440 சிசி இன்ஜெக்டர் ஐடிலில் உண்மையில் பெட்ரோல் விடும் நேரம் சுமார் 1.3 மில்லிசெகண்ட். அதில் 0.14 குறைந்தால் 11%. 2500 ஓட்டத்தில் சுமார் 2.6, அதே 0.14 அங்கே 5%. முழு ஆக்ஸிலரேட்டரில் 7.5க்கு மேல், அங்கே 2% கூட வராது. பிழை சதவீதமாக மாறிக்கொண்டே போகிறது, மில்லிசெகண்டில் பார்த்தால் அசையவில்லை. பெரிய இன்ஜெக்டர் திறக்க எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரத்தைப் பழைய டேபிள் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் மாஃப்புக்குப் பின்னால் காற்று லீக் இருந்தாலும் ஐடிலில் அதிகம், லோடில் குறைவு என்றே வரும். ஆகவே ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள் புகை செலுத்தி லீக் தேடுவது) செய்து அதை ஒதுக்கிவிட்டு வாருங்கள். பிறகு இன்ஜெக்டர் தயாரிப்பாளர் தரும் வோல்டேஜ்–டெட் டைம் அட்டவணையை உங்கள் எரிபொருள் அழுத்தத்துக்கு உரியதாகப் பார்த்து ஏற்றுங்கள். அது கிடைக்காவிட்டால், சூடான இன்ஜினில் 0.05 மில்லிசெகண்டாகக் கூட்டிக்கொண்டே, ஐடில் ட்ரிம்மும் 2500 ட்ரிம்மும் ஒரே எண்ணாகும் இடத்தைத் தேடுங்கள். பூஜ்யமாக வேண்டியதில்லை, சமமாக வேண்டும். இரண்டிலும் பொதுவாக மிஞ்சுவது இன்ஜெக்டர் அளவிலோ மாஃப்பிலோ உள்ள பிழை, அது தனி.

அட்டவணையின் 12 வோல்ட், 11 வோல்ட் கட்டங்களையும் மறக்காதீர்கள். வோல்டேஜ் குறையக் குறைய டெட் டைம் வேகமாக ஏறும். ஹெட்லைட்டும் ஃபேனும் ஒன்றாக ஓடும்போது ஐடில் ட்ரிம் தாவினால் அந்தச் சரிவு தப்பு.

பதில் 3

6200க்கு மேல் வரும் 0.98ஐத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அது மாஃப் அல்ல என்று நினைக்கிறேன்.

இன்ஜெக்டர் நிரம்பிவிட்டதா என்று முதலில் கணக்கிடலாம். டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) சதவீதம் = பல்ஸ் மில்லிசெகண்ட் × ஆர்பிஎம் ÷ 1200. 8.6 மில்லிசெகண்ட், 6400 ஆர்பிஎம் என்றால் 46%. 85% தாண்டினால்தான் கவலை, ஆகவே இன்ஜெக்டருக்கு இடம் நிறைய இருக்கிறது. மாஃப் 5 வோல்ட்டை முட்டுகிறதா என்று லாக்கில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பெட்ரோல் அழுத்தம் விழுகிறது.

இன்ஜெக்டர் விடும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும். 3.0 பார் 2.75க்கு இறங்கினாலே 4% குறையும். 0.94 எதிர்பார்த்த இடத்தில் 0.98 வருவதும் அதே 4%தான். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஃப்யூயல் ரெயிலில் கேஜ் மாட்டி முழு ஆக்ஸிலரேட்டரில் பாருங்கள். கூடவே பம்பின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஓடும் நிலையில் வோல்டேஜ் எடுங்கள். இதை மாஃப் டேபிளில் ஒட்டுப்போட்டு மறைத்தால், பம்ப் இன்னும் கொஞ்சம் தளர்ந்த அன்று நேராகப் பிஸ்டன் போகும்.

கேட்டவர்

எல்லாம் பார்த்துவிட்டேன். ஸ்மோக் டெஸ்டில் லீக் இல்லை. வைட்பேண்ட் திரையும் லாக்கும் ஒத்துப்போகின்றன. 14 வோல்ட்டில் டெட் டைம் 0.15 கூட்டியதும் ஐடில், 2500 இரண்டும் +1%க்குள்.

அழுத்தம் 6300ல் 2.75 பார். ஆல்டர்நேட்டரில் 14.1 வோல்ட், பம்பில் 12.1. ரிலேயின் தொடுமுனை கருகியிருந்தது, எர்த் வயரும் அரித்திருந்தது. இரண்டையும் மாற்றிய பின் பம்பில் 13.6, அழுத்தம் 3.0ல் அசையாமல் நிற்கிறது.

மாஃப் மேல்பகுதியை 15% ஏற்றி, லாங் டெர்ம் ட்ரிம்மை அணைத்து ஒரு ஓட்டம்: 3500ல் 0.84, 5000ல் 0.83, 6300ல் 0.84. இனி ஓப்பன் லூப் முழுவதையும் எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில் 1

இப்போது தரவு நம்பத் தகுந்தது. சூத்திரம் ஒன்றுதான்:

புதிய மாஃப் மதிப்பு = பழைய மதிப்பு × (அளந்த லாம்ப்டா ÷ கேட்ட லாம்ப்டா)

ட்ரிம் வேலை செய்துகொண்டிருந்தால் அதையும் பெருக்க வேண்டும், உங்களுக்கு இப்போது பூஜ்யம். கேட்ட லாம்ப்டாவை டேபிளிலிருந்து எடுக்காமல் லாக்கிலிருந்தே எடுங்கள். எக்ஸாஸ்ட் சூடேறினால் கேட்டலிஸ்டைக் காக்க ஈசியூ தானாகவே இன்னும் ரிச்சாகக் கேட்கும் வழக்கம் உண்டு.

உதாரணத்துக்கு 5000ல் மாஃப் 3.9 வோல்ட், ஆரம்பத்தில் மணிக்கு 290 கிலோ என்று வையுங்கள். 15% ஏற்றி 333.5. இப்போது 0.83 ÷ 0.87 = 0.954, ஆக 318. இது நியாயமான எண்ணா? 2.0 லிட்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு 1 லிட்டர் காற்று இழுக்கும். 5000ல் மணிக்கு 300 கன மீட்டர், 25 டிகிரியில் சுமார் 354 கிலோ. 318 என்பது அதில் 90%. டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பொருத்தம். 120% என்று வந்திருந்தால் இன்ஜெக்டர் அளவிலோ சென்சாரிலோ தப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

ஓட்டத்தை டைனோவிலோ மூடிய டிராக்கிலோ மட்டும் செய்யுங்கள். கூலன்ட் 80 டிகிரிக்கு மேல். ஒரே கியரில் 2500 முதல் ரெட்லைன் வரை, குறைந்தது மூன்று முறை. ஆக்ஸிலரேட்டரை மிதித்த முதல் அரை விநாடியை வெட்டிவிடுங்கள், போர்ட் சுவர் நனையும் நேரமும் புகை சென்சாருக்கு வந்து சேரும் நேரமும் அதில் கலந்திருக்கும். காலை எடுத்த இடத்தையும் வெட்டுங்கள், அங்கே ஃப்யூயல் கட், பெட்ரோலே வராது. மீதியை 0.1 வோல்ட் கட்டங்களாகப் பிரித்துச் சராசரி எடுங்கள். நாலைந்து புள்ளி மட்டுமே விழுந்த கட்டத்தை நம்பாமல், பக்கத்துக் கட்டங்களை வைத்து நிரப்புங்கள். மாஃப் வளைவு ரம்பப் பல் போல இருக்கக் கூடாது. குழாயின் வளைவுக்குப் பின்னால் காற்று சுழன்று வந்தால் ஒரு இடத்தில் மேடு வரலாம், அது மூன்று ஓட்டத்திலும் அதே வோல்டேஜில் வந்தால் மட்டும் விட்டுவையுங்கள்.

திருத்திய பிறகு இக்னிஷனையும் திரும்பப் பாருங்கள். லோடு இப்போது சரியாக ஏறியிருப்பதால் வேறு வரிசைகளில் நிற்கும், நாக் லாக்கை ஒரு முறை முழுக்கப் படியுங்கள்.

பதில் 2

ஒரு சின்ன கருத்து வேறுபாடு. சிலர் குறைந்த ஓட்டப் பகுதியையும் கட்டாய ஓப்பன் லூப்பில் வைத்து டியூன் செய்வார்கள். உங்களிடம் நேரோபேண்ட் (க்ளோஸ்டு லூப்புக்கு ஈசியூ பார்க்கும் ஆக்சிஜன் சென்சார்) நன்றாக வேலை செய்கிறது, ஆகவே க்ளோஸ்டு லூப் பகுதிக்கு ட்ரிம்மையே அளவுகோலாக வையுங்கள், ±3%க்குள் வந்தால் போதும். க்ளோஸ்டு லூப், ஓப்பன் லூப் பகுதிகளின் இரண்டு மாஃப் வளைவும் சேரும் வோல்டேஜில் படி இல்லாமல் இழைத்துவிடுங்கள். 

எல்லாம் முடிந்ததும் லாங் டெர்ம் ட்ரிம்மைத் திரும்ப இயக்கலாம். அடித்தளம் சரி என்றால் அது ஓப்பன் லூப்பில் சேர்ப்பது ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டாது.

ஈசியூ எப்போது ஓப்பன் லூப்புக்குத் தாவுகிறது என்பதையும் பாருங்கள். லோடு வரம்போடு தாமத நேரமும் இருந்தால், முழு லோடில் சில விநாடிகள் லாம்ப்டா 1.0லேயே ஓடும். லாக்கில் டார்கெட் 0.87க்கு மாறும் கணத்தையும் ஆக்ஸிலரேட்டர் ஏறிய கணத்தையும் அளந்து, இடைவெளி தெரிந்தால் தாமதத்தைக் குறையுங்கள். பிறகு ஒரு இரவு நிறுத்திக் குளிரில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். டெட் டைம் மாறியதால் பழைய குளிர் என்ரிச்மென்ட் (குளிரில் கூடுதலாக விடும் பெட்ரோல்) இப்போது கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அதை 5% அளவில் படிப்படியாக இறக்க வேண்டியிருக்கும்.