ரோலிங் ரிட்டர்ன்: உருளாயமா, நகரும் வளர்ச்சியா?

ச. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். வணிகவியல் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுத்து நடத்தும் மியூச்சுவல் ஃபண்டை எப்படி எடைபோடுவது என்ற பாடத்தில் மற்ற சொற்கள் ஒருவழியாக அமைந்துவிட்டன. 'ரோலிங் ரிட்டர்ன்' மட்டும் படுத்துகிறது: ஒரே நீளக் காலத்தை, தொடக்க நாளை நகர்த்தி நகர்த்தித் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கும் ஆண்டு வளர்ச்சி விகிதம். வரைவில் 'சுழல் வருமானம்' என்று இருக்கிறது. அப்படியே விடலாமா? சொல் உட்கார வேண்டிய இடம் இது: "ஐந்தாண்டு ______ பார்க்காமல் மேலாளரின் திறமையை முடிவு செய்யாதீர்கள்."

த. எழுதியது:

'சுழல்' கூடாது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுக்கும் சுழல்நிதி ஊரறிந்த சொல். அங்கே பணம் உண்மையாகவே கைமாறிச் சுழல்கிறது. 'வருமானம்' அதைவிட மோசம். ஈவு பிரித்துக் கொடுக்காத குரோத் ஆப்ஷனில் பத்து வருடம் போட்டு வைத்தாலும் விற்கும்வரை ஒரு ரூபாய் கைக்கு வராது, யூனிட்டின் மதிப்புதான் ஏறி இறங்கும். 'ஐந்தாண்டு வருமானம்' என்று எழுதினால் மாதாமாதம் எவ்வளவு வரும் என்றுதான் முதல் கேள்வி வரும்.

ந. எழுதியது:

கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்? குறள் 933: "உருளாயம் ஓவாது கூறின் பொருளாயம் போஒய்ப் புறமே படும்." உருள் + ஆயம். வினைத்தொகையாகக் கொண்டால் உருண்ட, உருள்கின்ற, உருளும் என மூன்று காலமும் அடங்கும். ரோலிங் என்பதற்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? 'உருள்பெருந்தேர்' (667) இதே அமைப்பு. ஆயம் என்றால் வருவாய். ஐந்தே எழுத்தில் முடிகிறது: உருளாயம்.

வெ. எழுதியது:

ஐயா, அந்தக் குறள் இருப்பது சூது அதிகாரத்தில்! உருளும் கவற்றில், அதாவது தாயக்கட்டையில், விழுந்ததை விடாமல் கூவி ஆடுகிறவனின் கைப்பொருளும் வருவாயும் பிறரிடம் போய்விடும் என்பது பொருள். 'சந்தை அபாயத்துக்கு உட்பட்டது' என்று விளம்பரத்தில் வேகமாக வாசிப்பார்களே, அதைவிடக் கடுமையான எச்சரிக்கை இது.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம். ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் நிஃப்டி 50 குறியீடு 2015 மார்ச் 31 அன்று ஏறத்தாழ 8,490. 2020 மார்ச் 31 அன்று 8,600. ஐந்தாண்டில் ஆண்டுக்குக் கால் சதவீதம்தான் தேறியது. இரண்டு முனையையும் ஓராண்டு தள்ளுங்கள்: 2016 மார்ச் இறுதியில் 7,740, 2021 மார்ச் இறுதியில் 14,690. ஆண்டுக்கு 13.7 சதவீதம்! அதே குறியீடுதான், இரண்டிலும் ஈவுத்தொகை சேரவில்லை. அளந்த தேதி மட்டுமே மாறியது. விளம்பரம் தனக்குச் சாதகமான முனையைக் காட்டும். அதை முறியடிக்கத்தான் அளவுகோலை ஒவ்வொரு நாளாக நகர்த்தி, கிடைக்கும் எல்லா ஐந்தாண்டுத் துண்டுகளையும் அளக்கிறோம். ஆக, உருள்வது ஆயம் அல்ல, காலத்துண்டு.

ந. எழுதியது:

சூதில் பிறந்த சொல் சூதிலேயே சாக வேண்டுமா? செல்வம் "சகடக்கால் போல வரும்", வண்டிச் சக்கரம்போல, என்கிறது நாலடியார். உருளுதல் செல்வத்தின் இயல்பு. ஆதாயத்திலும் ஆயம் ஒளிந்திருக்கிறது என்பது என் துணிபு.

க. எழுதியது:

ஆதாயத்தில் 'தாயம்' என்றும் பிரிக்கலாமே ஐயா, மறுபடியும் கட்டைதான் உருளும்! ஆயம் என்றதும் மாணவர்களுக்கு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான் நினைவுக்கு வரும். இலக்கியம் படித்தவர்களுக்குத் தலைவியின் தோழியர் கூட்டம். இன்னொரு சிக்கல், இன்றைய பிள்ளைகளிடம் 'உருட்டு' என்றால் கூசாமல் புளுகுவது. ஃபண்டு பாடத்தில் 'உருள்' என்று தொடங்கினாலே வகுப்பு சிரித்துவிடும்.

புள்ளியியல் பாடத்தில் 'நகரும் சராசரி' ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். அந்த 'நகரும்' போதாதா? 'நகர் வளர்ச்சி' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், நகராட்சி ஆகிவிடும்.

த. எழுதியது:

'நகர்கால வளர்ச்சி'? காலம் நகர்கிறது என்ற வெ.யின் பொருளும் வந்துவிடும்.

க. எழுதியது:

மெய்ப்புத் திருத்துபவர் 'நிகழ்கால வளர்ச்சி' என்று மாற்றிவிடுவார். பந்தயம் கட்டலாம்.

வெ. எழுதியது:

'நகரும் ஐந்தாண்டு வளர்ச்சி' என்றே போடலாம். கால அளவு சொல்லுக்குள்ளேயே நிற்கட்டும். மூன்றாண்டு என்றால் 'நகரும் மூவாண்டு வளர்ச்சி'. எத்தனை ஆண்டு என்று சொல்லாத ரோலிங் ரிட்டர்னுக்குப் பொருளே இல்லை.

சொல் எதுவானாலும் செய்முறை தவறக்கூடாது. குரோத் ஆப்ஷனின் என்ஏவியையே (ஒரு யூனிட்டின் நிகர மதிப்பு) எடுக்கச் சொல்லுங்கள். ஈவு பிரித்துக் கொடுக்கும் ஆப்ஷனை எடுத்தால், கொடுத்த நாளில் என்ஏவி இறங்கும். அது நட்டம்போலக் கணக்கில் ஏறிவிடும். முடிவு என்ஏவியைத் தொடக்க என்ஏவியால் வகுத்து, ஐந்தாம் மூலம் எடுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும். விடுமுறை நாளானால் அதற்கு முந்தைய வேலைநாளின் மதிப்பு. அதே தேதிகளுக்குக் குறியீட்டையும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஈவுத்தொகை சேர்ந்த டிஆர்ஐ குறியீடுதான் அளவுகோல், 2018 பிப்ரவரி முதல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி அதைத்தான் கட்டாயமாக்கியது. வெறும் குறியீட்டோடு ஒப்பிட்டால் மேலாளருக்கு ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இலவச மதிப்பெண் விழும்.

சராசரியோடு நிறுத்தக்கூடாது. மிக மோசமான துண்டு எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை துண்டில் குறியீட்டை வென்றது என்ற இரண்டையும் கேளுங்கள். பத்தாண்டுத் தினசரி என்ஏவியில் ஐந்தாண்டுத் துண்டுகள் சுமார் 1,230 கிடைக்கும், மாத இறுதி மட்டும் என்றால் 61. எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக்கூடாது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒரு நாள் தவிர முழுதும் ஒன்றே. ஒன்றோடொன்று மேல்விழாதவை இரண்டுதான்!

இன்னும் இரண்டு பள்ளம். முகவர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரியில்தான் வந்தன, அதற்கு முந்தைய எண்கள் கமிஷன் உள்ள ரெகுலர் திட்டத்துடையவை. 2017 அக்டோபரில் செபி வகைப்பாட்டை மாற்றியதால் பல ஃபண்டுகள் அடுத்த ஆண்டே வேறு வகைக்கு மாறின. லார்ஜ் கேப் ஃபண்டு என்றால் பணத்தில் குறைந்தது 80 சதவீதம் சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களில் இருக்க வேண்டும் என்ற விதி அப்போது வந்ததுதான். மாற்றத்துக்கு முந்தைய துண்டுகள் இன்னொரு ஃபண்டின் கதை. மேலாளர் மாறியிருந்தாலும் அப்படியே.

ந. எழுதியது:

எல்லாம் சரி. மோசமான துண்டில் கணக்கு மைனஸ் மூன்று என்று வந்தால், அதையும் 'வளர்ச்சி' என்பீர்களா? தேய்பிறைக்கு வளர்பிறை என்று பெயர் வைப்பது போலிருக்கிறது. ஆயத்துக்கு அந்தக் குறை கிடையாது.

த. எழுதியது:

'வளர்ச்சி மைனஸில் போனது' என்று செய்தித்தாளே எழுதுகிறது ஐயா. பழகிவிட்டது.

ந. எழுதியது:

பழகியதெல்லாம் சரியென்றால் இந்தக் குழு எதற்கு?

ச. எழுதியது:

நாளை வெள்ளி. 'நகரும் ஐந்தாண்டு வளர்ச்சி' என்று போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'ரோலிங் ரிட்டர்ன்' இருக்கும். மூவர் ஏற்றிருக்கிறீர்கள். ந. ஐயாவின் மறுப்பு நியாயமானதுதான், மைனஸ் துண்டுக்கு என்னிடமும் விடை இல்லை.

ந. எழுதியது:

சொல்லடைவிலாவது 'உருளாயம்: காண்க, நகரும் வளர்ச்சி' என்று ஒரு வரி வையுங்கள்.

ச. எழுதியது:

வைக்கிறேன் ஐயா. குறள் எண் மட்டும் போடமாட்டேன், யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.