கிரேட்ஃபுல் டெட் 1977 டேப்: சவுண்ட்போர்டும் ஆடியன்ஸும் ஒட்ட மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க ராக் குழு கிரேட்ஃபுல் டெட்டின் 1977 வசந்தகால டூர் கச்சேரி ஒன்றின் சவுண்ட்போர்டு பதிவையும் (மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது) ஆடியன்ஸ் பதிவையும் (கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தது) ஒரே பதிவாகக் கலந்து, அதாவது மேட்ரிக்ஸ் செய்கிறேன், சொந்தமாகக் கேட்க மட்டும். சவுண்ட்போர்டில் குரலும் பியானோவும் தெளிவு. அரங்கின் காற்றே இல்லை. ஆடியன்ஸில் கூட்டமும் குழுவின் ஃபில் லெஷ் வாசிக்கும் பேஸ் கிட்டாரும் நெஞ்சில் இடிக்கின்றன, பாட்டு வரிதான் புரியாது.

இதுவரை செய்தது: இரண்டும் ஃப்ளாக் (தரம் குறையாத ஆடியோ கோப்பு), 44.1 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஹம் (பதிவில் ஏறும் மின்சார ரீங்காரம்) அதன் இரட்டிப்பான 120-இல் நிற்க வேண்டும். ஆடியன்ஸ் டேப்பில் 122.4-இல் தெரிகிறது, அதாவது 2 சதவீதம் வேகம். ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டிங் மென்பொருளில் வேகத்தை 0.980 ஆக்கியதும் சுருதி சேர்ந்தது. (டெம்போவை மட்டும் மாற்றாதீர்கள், சிம்பல் ஓசை குழைந்துவிடும்.) மைக் மேடையிலிருந்து சுமார் 25 மீட்டர் என்று வைத்து, ஒலி அங்கே போய்ச் சேர ஆகும் 73 மில்லிசெகண்ட் அளவுக்கு ஆடியன்ஸ் பதிவை முன்னே இழுத்தேன்.

சிக்கல் இங்கேதான். முதல் பாட்டில் கச்சிதம். 45 நிமிடப் பக்கம் முடிவதற்குள் அரை செகண்ட் விலகி, ஸ்னேர் டிரம் அடி இரட்டையாக விழுகிறது. விலகலும் சீராக இல்லை, கடைசிப் பத்து நிமிடத்தில்தான் அதிகம். கேசட் ஓட ஓட வேகம் மாறியிருக்க வேண்டும்.

பாட்டுக்குப் பாட்டு வெட்டி ஒட்டலாம். ஆனால் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ நிற்காமல் ‘ஃபயர் ஆன் த மவுண்டன்’ ஆகும் இடத்தில் எங்கே வெட்டுவது? ஹம்மைப் பின்தொடர்ந்து வேகத்தைத் தானாகத் திருத்தும் இலவச மென்பொருள் உண்டா? லினக்ஸில் ஓடினால் ரொம்ப நல்லது.