புகை வராத புகையிலை: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஆசிரியை, திண்டுக்கல் பக்கம்:

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டை சரியில்லை என்பான். கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். ஒருநாள் பக்கத்தில் போய் நின்றேன். மிட்டாய் மாதிரி புதினா வாசனை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே புகையிலை அடைத்த சின்ன வெள்ளைப் பை. துப்பச் சொன்னதும், "இதுல புகையே வராது மிஸ். கேன்சர்லாம் சிகரெட் குடிச்சாத்தான்" என்றான். அவன் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு கலந்த குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013இலேயே தடை வந்துவிட்டது. சிறுவர்களுக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. இருந்தும் பையன்கள் கையில் கிடைக்கிறது. மற்றவர்கள் என்ன பார்த்திருக்கிறீர்கள்?

பல் மருத்துவர், ஈரோடு:

டீச்சர், அந்தப் பையனின் உதட்டை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பை வைக்கிற இடத்தில் ஈறு கீழே இறங்கியிருக்கலாம். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

என்னிடம் வரும் இளைஞர்களில் பலர் பல்வலி என்று வருவதில்லை. "சாம்பார் சாப்பிட்டாலே வாய் எரியுது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். விசைத்தறியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அப்படித்தான் வந்தார். இருபது வயதுகூட இருக்காது. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னேன். சாதாரணமாக நுழைந்துவிடும். அவருக்கு ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளுத்துப்போய், தொட்டால் கயிறு கயிறாகத் தட்டுப்பட்டது. குட்காவிலும் பாக்குப் பொட்டலத்திலும் இருக்கிற பாக்கில் அரிகோலின் என்ற பொருள் உண்டு, அது சதைக்குள் நார்களை வளர்த்துக்கொண்டே போகும். அதனால்தான் வாய் இறுகுகிறது. புகையிலையும் சேர்ந்தால் நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்க் காரணியும் கூடவே இறங்குகிறது. சுண்ணாம்பு சேரும்போது நிகோடின் இன்னும் வேகமாக இரத்தத்தில் கலக்கும். பழக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இறுகிய வாயைப் பழைய நிலைக்கு முழுதாகக் கொண்டுவர முடியாது. பழக்கத்தை விட்டுவிட்டு, ஊசி, வாய்ப் பயிற்சி என்று தொடர்ந்தால் மேலும் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்தத் தம்பியின் அம்மா, "வாயை நல்லாத் திறந்து சாப்பிடுடான்னு திட்டிக்கிட்டே இருந்தேன் டாக்டர்" என்று அழுதார். இப்படி ஒரு நோய் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்:

நைட் ஷிப்ட்டில் தூக்கம் வராமல் இருக்க, வாயில் அடக்குகிற புகையிலையை ஒரு அண்ணன் கொடுத்தார். சிகரெட் என்றால் வெளியே போக வேண்டும், சூப்பர்வைசர் பார்ப்பார். இதை வாயில் போட்டுக்கொண்டே தைக்கலாம். கொஞ்ச நாளிலேயே காலையில் எழுந்ததும் கை தானாகப் பாக்கெட்டைத் தேடியது.

விட்டபோது முதல் வாரம் ரொம்பக் கஷ்டம். தலைவலி, எரிச்சல், வீட்டில் எல்லோரிடமும் சண்டை. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள். ஆசை வரும்போது பத்து நிமிஷம் தள்ளிப்போடு, தண்ணீர் குடி, அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு என்றார்கள். கேட்கும்போது சாதாரணமாகத் தெரிந்தது, ஆனால் எனக்கு அதுதான் கைகொடுத்தது. கூடவே பாக்கெட்டில் சோம்பு வைத்துக்கொண்டேன். கம்பெனியில் இன்னும் நிறையப் பேர் போடுகிறார்கள், பதினெட்டு நிரம்பாத பையன்கள் உட்பட.

ஒரு அக்கா, விழுப்புரம்:

டாக்டர், என் தம்பி புகையிலையே தொடமாட்டான், வெறும் பாக்குப் பொட்டலம்தான். கல்லூரிக்குப் போனதிலிருந்து போடுகிறான். பானிபூரியை முழுசாக வாயில் போட முடியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இங்கே படித்த பிறகு எனக்குக் கை நடுங்குகிறது. பயப்பட வேண்டுமா?

பல் மருத்துவர், ஈரோடு:

பாக்கு மட்டும் என்றாலும் ஆபத்துதான் அம்மா. புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இன்றைக்கே பொட்டலத்தை நிறுத்தச் சொல்லுங்கள், திட்டாமல். இந்த வாரமே விழுப்புரம் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடம் கூட்டிப்போய், வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து குறித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தச் சீட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள்.