மாடி அறைக்கு வயர் கொண்டுசெல்லும் வழி குறித்து ஆலோசனை தேவை
வணக்கம். மதுரையில் எங்கள் பழைய வீட்டின் மேல் படுக்கையறையும் குளியலறையும் கட்டி வருகிறோம். கூரைக்குக் கம்பி கட்டும் வேலை நடப்பதால், கான்கிரீட் போடுவதற்குள் ஃபேன் பாக்ஸ்களையும் பைப்புகளையும் பதித்தாக வேண்டும்.

கீழ்த்தள டிபி பாக்ஸில் (மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) காலியிடம் இல்லை. எலக்ட்ரீசியனோ, அதிலிருந்தே ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. வயரைப் பழைய சுவரில் காடி வெட்டி ஏற்றிவிடலாம் என்கிறார். பாரம் தாங்கும் செங்கல் சுவரைக் குறுக்கே நீளமாக வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்குப் பதிலாக, மாடியிலேயே ஆர்சிசிபியுடன் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) சிறிய டிபி ஒன்றை வைத்து, மீட்டர் பாக்ஸ் அருகிலிருந்து தனி எம்சிபி (அதிக மின்னோட்டம் பாய்ந்தால் தானாக அணையும் சுவிட்ச்) வழியாக 10 சதுர மி.மீ. வயரை, எர்த் வயரோடு சேர்த்து, வெளிச்சுவரில் ஒரே பைப்பில் கொண்டுசெல்லலாமா? அது மேற்கு வெயில் நேராக விழும் சுவர். சாதாரண பிவிசி பைப் சில ஆண்டுகளில் வெளுத்து நொறுங்கிவிடுகிறது. ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போட்டவர்கள், அதற்கு எர்த் இணைப்புக் கொடுத்த முறையையும் சேர்த்துத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.