லிட்வினென்கோ ஆவணப்படம்: தமிழ் வர்ணனையில் மூன்று சந்தேகம்

பிரிக்பீல்ட்ஸ் திரை:
வணக்கம். 2006-இல் லண்டனில் கொல்லப்பட்ட அலெக்சாண்டர் லிட்வினென்கோ பற்றி 20 நிமிடத் தமிழ் ஆவணப்படம் ஒன்று தொகுப்பில் இருக்கிறது. கோலாலம்பூரில் மண்டபம் எடுத்துத் திரையிடத் திட்டம். அவரை 'உளவாளி' என்று சொல்லலாமா? அவரைக் கொன்ற பொலோனியம் என்ற கதிரியக்க நஞ்சை எப்படி விளக்குவது? சப்டைட்டிலில் 'கொ', 'கெ' எல்லாம் சிதறி வருகிறதே, ஏன்?

பினாங்குத் தொகுப்பாளர்:
'உளவாளி' வேண்டாம். வேற்று நாட்டில் மாறுவேடத்தில் திரிந்தவர் என்றுதான் நம் மக்கள் நினைப்பார்கள். அவர் ரஷ்ய உளவுத்துறையான எஃப்எஸ்பியில் குற்றக் கும்பல்களை விசாரித்த அதிகாரி. 1998 நவம்பரில் மாஸ்கோவில் செய்தியாளர்களைக் கூட்டி, ரஷ்யக் கோடீஸ்வரர் போரிஸ் பெரெசோவ்ஸ்கியைக் கொல்ல மேலிடம் சொன்னதாக வெளிப்படையாக அறிவித்தார். 2000-இல் துருக்கி வழியாக லண்டன் போனார். 'முன்னாள் உளவுத்துறை அதிகாரி' என்பதே சரி.

இன்னொன்று, முடி கொட்டிய அந்த மருத்துவமனைப் படத்தில் தொடங்காதீர்கள். லண்டனில் ஆறு வருடம் குடும்பத்தோடு வாழ்ந்த மனிதர் அதற்குப் பிறகு யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். அந்தப் படத்துக்குக் காசு கட்டி உரிமமும் வாங்க வேண்டும்.

எழுத்து சிதறுவதற்குக் காரணம், எழுத்துக்கு முன்னால் நிற்கும் 'ெ', இரு பக்கமும் பிரிந்து நிற்கும் 'ொ' போன்ற குறிகளை மென்பொருள் சரியாகச் சேர்க்காததுதான். தொகுப்பு மென்பொருளின் அமைப்பில் தெற்காசிய எழுத்து முறையைத் தேர்ந்தெடுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு போடுங்கள். பிரிட்டன் காட்சிகள் நொடிக்கு 25 பிரேம். டைம்லைனையும் 25-இல் வையுங்கள், இல்லாவிட்டால் அசைவு விட்டுவிட்டு வரும்.

வேதியியல் ஆசிரியை:
பொலோனியம்-210 வெளியிடுவது ஆல்ஃபா கதிர். ஒரு தாள் போதும், நின்றுவிடும். தோலையும் தாண்டாது. உடலுக்குள் போனால்தான் எலும்பு மஜ்ஜையையும் உள்ளுறுப்புகளையும் அழிக்கும். அதனால் 2017-இல் கோலாலம்பூர் கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தில் கிம் ஜோங்-நாம் முகத்தில் பூசப்பட்ட விஎக்ஸோடு ஒப்பிடாதீர்கள். அது தோல் வழியே ஏறும் நரம்பு விஷம், சிறிது நேரத்திலேயே கொன்றது. லிட்வினென்கோ நவம்பர் 1-இல் நஞ்சு கலந்த டீயைக் குடித்து 23-இல் இறந்தார். மருத்துவர்கள் முதலில் தாலியம் என்றே சந்தேகித்தார்கள். வழக்கமான கதிர்வீச்சுச் சோதனை காமா கதிரைத் தேடும், இதில் காமா மிகமிகக் குறைவு. பொலோனியம் உறுதியானது அவர் இறந்த அன்றுதான்.

டீயில் பொடி தூவும் காட்சி எடுத்திருந்தால் வெட்டுங்கள். மில்லேனியம் ஹோட்டல் பாரில் மேசை மேல் ஏற்கெனவே இருந்த டீபாட்டிலிருந்து ஊற்றிய கிரீன் டீ அது. சர்க்கரை இல்லை, ஆறிப்போயிருந்தது, மூன்று நான்கு மடக்குதான் குடித்தார். படுக்கையிலிருந்து போலீசாரிடம் அவரே சொன்னது இது. அந்த வெள்ளை டீபாட்டை நெருக்கத்தில் காட்டினாலே போதும்.

செந்தூல் வாசகர்:
வர்ணனையில் 'புதின் உத்தரவிட்டார்' என்று இருக்கிறதா? பிரிட்டனின் சர் ராபர்ட் ஓவன் விசாரணை அறிக்கை (ஜனவரி 2016), அந்த ஹோட்டலில் அவரைச் சந்தித்த ரஷ்யர்களான லுகோவோய், கோவ்துன் இருவரும் நஞ்சு கொடுத்ததாக உறுதியாகச் சொல்கிறது. அப்போதைய எஃப்எஸ்பி தலைவர் பாத்ருஷெவும் புதினும் 'அநேகமாக' ஒப்புதல் அளித்தார்கள் என்பதே அதன் முடிவு. அந்த 'அநேகமாக' விடுபடக் கூடாது. லுகோவோயும் கோவ்துனும் மறுத்ததையும், ரஷ்யாவே பொறுப்பு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்ததையும் சேருங்கள்.

திரையிடுமுன் தணிக்கை வாரியத்தின் அனுமதி வாங்குங்கள். இலவசக் காட்சி என்றாலும் 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டம் விடாது. கோலாலம்பூரில் 2013-இல் அனுமதியில்லாமல் ஓர் ஆவணப்படம் காட்டிய வழக்கில் 2017-இல் 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விழுந்தது.

பிரிக்பீல்ட்ஸ் திரை:
நன்றி. பொடிக் காட்சி இருந்தது, வெட்டியாச்சு. தணிக்கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மண்டபத்துக்குத் தேதி சொல்வோம்.