பின்சக்கர வண்டியும் உறைபனி ரோடும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

போடிமெட்டு பிக்கப்:
போன ஜனவரியில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. மூணாறில் காய்கறி லோடை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு செண்டுவாரை பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பொலிரோ பிக்கப், எஞ்சின் பின்சக்கரத்தைத்தான் சுற்றும். விடிந்தும் விடியாத நேரம், புல் எல்லாம் வெள்ளை, ரோடு மட்டும் கறுப்பாக, வெறும் ஈரம் என்றுதான் நினைக்கத் தோன்றும். இறக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் ரோட்டைக் கடக்கும் ஒரு இடம். மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றி கிளட்சை விட்டேன், பின்பக்கம் மட்டும் தனியாக வழுக்கி விலகிப் போனது. பிரேக்கில் கால் இல்லை, ஆக்சிலேட்டரிலும் இல்லை. முன்கண்ணாடியில் தேயிலைச் செடிதான் தெரிகிறது, ரோட்டைக் காணோம். டயர் கத்தினாலாவது கொஞ்சம் பிடி இருக்கிறது என்று நம்பலாம். சத்தமே இல்லாமல் வண்டி குறுக்காகத் திரும்பிக்கொண்டே கீழே போகிறது. கிளட்சை மிதித்து, வால் போகிற பக்கமே ஸ்டியரிங்கை ஒடித்தேன். ஈரம் முடிந்த இடத்தில் டயர் பிடித்து ஒரு உதறு உதறி நின்றது. இறங்கி ரோட்டைத் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி ஐஸ், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருகிறது. பிரேக் தொடாமலே வால் சுற்றியது வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

மூணாறு எஸ்டேட்:
அண்ணே, நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். உறைபனி பிடிக்கிறது உண்மை, ஆனால் புல்லிலும் வண்டிக் கூரையிலும்தான் பிடிக்கும். பகல் வெயிலை வாங்கிய தார் ரோடு அத்தனை சீக்கிரம் உறையாது. உங்கள் வண்டியைச் சுற்றியது பாசியாகத்தான் இருக்கும். எங்கள் அப்பா ஜீப் ஜூலை மழையில், லாரியிலிருந்து சிந்திக் கிடந்த பச்சைக் கொழுந்து மேல் இதே மாதிரி சுற்றியது. அப்பா இறங்கி அந்த இலையைச் செருப்புக் காலால் மிதித்துப் பார்த்தார், அவரே வழுக்கி பம்பரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காட்சி எனக்கு அப்படியே நிற்கிறது. ரோடெல்லாம் ஐஸ் என்று எழுதினால் வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள்.

போடிமெட்டு பிக்கப்:
தம்பி, நகத்தில் பெயர்ந்து வந்ததைச் சொல்கிறேன். பாசி பெயர்ந்து வந்து விரலில் கரையாது. ரோடு முழுக்க என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் ஓடுகிற அந்த ஒரு இடம்தான்.

கம்பம் லாரி:
ஐஸா பாசியா என்பதை அப்புறம் பார்க்கலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2019 நவம்பர் முதல் வாரம், ஆப்பிள் சீசன் முடியும் முன்னே காஷ்மீரில் பனி கொட்டித் தீர்த்தது. நாங்கள் லோடு ஏற்றக் காலியாகப் போனவர்கள், பனிஹாலில் லைன் கட்டி நிற்கிறோம், ஜவாஹர் சுரங்கத்தைத் தாண்டி விடவில்லை. எனக்கு முன்னால் நின்ற லாரி டிரைவர் பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த வண்டியின் பின்சக்கரம் என் கண்ணுக்கு நேரே இருக்கிறது. சக்கரம் உருளவே இல்லை. ஆனால் வண்டி என்னைப் பார்த்து வருகிறது, அங்குலம் அங்குலமாக! எனக்குப் பின்னால் நூல் இடம் கிடையாது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் ஓடி வந்து, குளிர்காயக் கையில் வைத்திருந்த காங்கிரி என்ற நெருப்புச் சட்டியில் இருந்த சாம்பலைச் சக்கரத்தடியில் கொட்டி, கட்டையும் வைத்தார். என் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பிரேக் சரியாகத்தான் பிடித்திருந்தது, ரோடுதான் பிடிக்கவில்லை.

குமுளி ஒர்க்‌ஷாப்:
லோயர் கேம்ப் இறக்கத்தில் மழையில் ஆம்னி வால் வீசி, சுவரோரம் நின்ற அனுபவம் எனக்கும் உண்டு. அது கிடக்கட்டும், இதைப் படிக்கிறவர்கள் சில விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆம்னி, ஈகோ, பொலிரோ, சுமோ, இன்னோவா கிரிஸ்டா, டெம்போ டிராவலர் எல்லாம் பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகள். பிக்கப் மாதிரி வண்டி காலியாக இருந்தால், தள்ளுகிற சக்கரத்தின் மேல் எடையே இருக்காது. அதனால் ஐஸ் இருக்கும் ஊருக்குப் போகிறவர்கள் மணல் மூட்டையைப் பின் ஆக்சிலுக்கு மேலே வைத்துக் கட்டுங்கள். கடைசி முனையில் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. கட்டாத மூட்டை, வண்டி சடாரென்று நின்றால் முன்னால் பறந்து வரும். நகரும்போது இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள், முதல் கியரில் சக்கரம் சும்மா சுற்றிக் குழி பறித்துவிடும். பனியில் பிடிக்க டயர் மேல் சுற்றும் செயின் ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் பின்சக்கரத்தில் மாட்டுங்கள். ஏபிஎஸ், அதாவது பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, இருந்தால் பிரேக்கை அழுத்தியே வையுங்கள், விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். ஏபிஎஸ் இல்லாத வண்டியில்தான் விட்டு மிதிக்க வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள்ளே எதையும் மாற்றாதீர்கள். இறக்கத்தில் எப்போதும் கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பிலேயே வாருங்கள், நம் காட் ரோட்டில் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

வண்டிப்பெரியாறு நர்ஸ், இப்போது ஜெர்மனி:
ஒர்க்‌ஷாப் அண்ணா, மற்றதெல்லாம் சரி, கடைசியில் சொன்னதுதான் ஐஸில் ஆபத்து. முதலில் எழுதியவருக்கு நடந்ததும் அதுதானே! பின்சக்கர வண்டியில் எஞ்சின் பிடிப்பு முழுக்கப் பின்டயரில் மட்டும் விழும். திடீரென்று கியரைக் குறைத்துக் கிளட்சை விட்டால், ஹேண்ட் பிரேக்கை இழுத்த கணக்குதான். இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு வந்துவிட வேண்டும். இடையில் மாற்றியே ஆக வேண்டும் என்றால் கிளட்சை மெல்ல மெல்ல விட வேண்டும். வால் விலகினால் அவர் செய்தபடி கிளட்சை மிதித்தால் சக்கரம் தானாக உருளும்.

நான் ஓட்டுவது பழைய பிஎம்டபிள்யூ. நைட் டியூட்டி முடிந்து வரும்போது ஆற்றுப் பாலம் ஒன்று வரும். ரோடு காய்ந்திருந்தாலும் பாலம் உறைந்திருக்கும், கீழேயும் காற்று அடிப்பதால் அது சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஒரு நாள் பாலத்தில் ஏறியதும் வண்டிக்குள் இரைச்சல் அப்படியே அடங்கியது, ஸ்டியரிங் கைக்கு லேசாகிவிட்டது. டேஷ்போர்டில், வண்டி வழுக்கும்போது எரியும் அந்த மஞ்சள் விளக்கு மட்டும் மினுக் மினுக் என்று எரிகிறது, வண்டி தானாகவே ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்துப் பிடித்து நேராக்குகிறது. நான் செய்ததெல்லாம் போக வேண்டிய பக்கம் பார்த்துக்கொண்டு கையை அசைக்காமல் இருந்ததுதான். இப்போதும் பாலத்தில் இரைச்சல் குறைந்தால் வயிறு கலங்கும்.

டயரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். பனியிலும் ஐஸிலும் ஓட்டினால் குளிர்கால டயர் கட்டாயம் என்று இங்கே 2010இலேயே சட்டம் வந்துவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் மாட்ட வேண்டும், பின்னால் மட்டும் மாட்டினால் முன்பக்கம் திரும்பாது.

கம்பம் லாரி:
செயினைப் பற்றி ஒன்று. பனி தாண்டிக் காய்ந்த தார் வந்ததும் நிறுத்திக் கழற்றிவிடுங்கள், டயரையும் ரோட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த செயின் பிரேக் ஹோஸை அறுத்துவிடும்.