புகைபோக்கி வைத்த வீட்டுக்குக் குடி போயிருக்கிறீர்களா? முதலில் உச்சியைப் பாருங்கள்

லீவில் மூணாறு வந்திருக்கிறேன். ஜூன் மழை, தகரக் கூரைக்குக் கீழே பேசுவது காதில் விழவில்லை. இங்கிலாந்துக்குப் புதிதாகப் போயிருக்கும் மறையூர்த் தம்பி ஒருவர் இந்தக் குழுவில் போட்டிருந்த படத்தை அப்பாவிடம் காட்டினேன். கணப்புக்கு, அதாவது குளிருக்குத் தீ மூட்டும் சுவர் அடுப்புக்கு, மேலே சுவரில் பழுப்பாக ஒரு திட்டு. எஸ்டேட் பங்களாக்களில் முப்பது வருஷம் கொத்து வேலை பார்த்த மனிதர். கண்ணாடிகூடப் போடாமல், "மேல என்னன்னு பாத்தாங்களா?" என்றார்.

நம்மில் பலருக்குச் சிம்னி என்றால் அடுப்புக்கு மேல் மாட்டும் பெட்டி, இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் விளக்கு. செங்கல் புகைபோக்கியைத் துரை பங்களாவில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அதனால் சுவரில் ஈரம் தெரிந்ததும் பெயின்ட் டப்பாவைத் தூக்குகிறோம்.

உச்சியில் சிமென்ட் மூடி போல ஒரு பூச்சு இருக்கும். அது வெளிப்பக்கம் சரிந்து, செங்கலைத் தாண்டி ஓரிரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு, அடியில் கோடு இழுத்த மாதிரி ஒரு சின்னப் பள்ளத்தோடு இருந்தால் தண்ணீர் சுவரைத் தொடாமல் சொட்டிவிடும். பல வீடுகளில் மிச்சக் கலவையை அப்பி விட்டிருப்பார்கள். அதில் மயிரிழை விரிசல் விழும், மழைத்தண்ணீர் இறங்கும், ராத்திரி உறையும். உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். விரிசலும் கூடவே அகலும். மூணாறில் ஜனவரியில் சில நாள் புல் வெளுக்க உறைபனி விழும். இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்க உறைவதும் உருகுவதும்தான்.

என் முதல் வீட்டில் ஒருவர் வந்து, "இனி சொட்டுத் தண்ணீர் போகாது" என்று புகைபோக்கி முழுக்கப் பளபளவென்று ஒரு பூச்சு அடித்துவிட்டுப் போனார். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லை. இரண்டாவது குளிர்காலம் முடிந்தபோது செங்கல் முகம் அப்பளமாக உரிந்து, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலில் கிடந்தது. பூசித்தான் ஆகவேண்டும் என்றால் ஆவியை வெளியே விடும் சிலேன், சிலாக்சேன் வகை வாங்குங்கள். அதுவும் விரிசலையும் இணைப்புகளையும் சரி செய்த பிறகு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வீடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, அதன் இடுக்கில் கெட்டி சிமென்ட் அடைத்தால், அப்பா சொல்வது போல, "கலவை நிக்கும், கல்லு போயிரும்."

கூரையும் புகைபோக்கியும் சேரும் இடத்தில் ஈயத்தகடு மடித்துச் செங்கல் இடுக்கில் செருகியிருக்கும். அது பிய்ந்திருந்தால் தகட்டையே மாற்றச் சொல்லுங்கள். தார் தடவிக் காசு வாங்குகிறவர் அடுத்த மழைக்குப் போனை எடுக்கமாட்டார்.

அப்புறம் பறவை. இங்கிலாந்தில் ஜாக்டா என்று ஒரு காக்கை இனம், குச்சியைப் புகைக்குழாய்க்குள் போட்டுக்கொண்டே இருக்கும், ஏதாவது ஒன்று சிக்கி நிற்கும்வரை. அடைத்த குழாயில் தீ மூட்டினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள்தான் திரும்பும். அதற்கு வாசனையும் கிடையாது, அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் கட்டாயம் மாட்டுங்கள். ஆனால் குஞ்சோ முட்டையோ இருக்கும் கூட்டைக் கலைக்கக் கூடாது, 1981-ம் வருஷச் சட்டம் உண்டு. அமெரிக்காவில் சிம்னி ஸ்விஃப்ட் என்ற பறவைக்கு 1918 முதலே பாதுகாப்பு. அங்கே ரக்கூன் என்ற பிராணி வேறு வசந்தத்தில் உள்ளே குட்டி போடும். புகை போட்டு விரட்டினால் தாய் ஓடும், குட்டி சாகும். பருவம் முடியட்டும், குழாயைச் சுத்தம் செய்துவிட்டு வலை வைத்த தொப்பியைப் போடுங்கள். துருப்பிடிக்காத எஃகுதான் நல்லது. கேஸ் கணப்புக்குத் தனித் தொப்பி, கேஸ் வேலை தெரிந்த ஆளைக் கேட்டுப் போடுங்கள்.

பயன்படுத்தாத கணப்பை அடைத்துவிடலாமா என்று குமுளித் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: கணப்பு வேண்டாம் என்றால் செங்கல் வைத்து அடைக்கலாம், ஆனால் கீழே காற்றுத் துவாரம் விட்டு, மேலே காற்றுப் போகும் தொப்பி போட்டு. முழுக்க அடைத்தால் உள்ளே வியர்க்கும்.

ஏணி வைத்து நீங்கள் ஏறவேண்டாம். எதிர்ச்சாரியில் நின்று போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் போதும். மறையூர்த் தம்பி அப்படித்தான் ஒன்று அனுப்பினார். இந்தத் தடவை அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "புல்லே மொளச்சிருக்கேடா அங்க."